ஓப்ரா டின் கப்பலில் முதல் மூன்று மணி நேரம்

'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற துப்பறியும் கேமின் கதை இது: 1802இல் லண்டனிலிருந்து 200 டன்னுக்கு மேல் சரக்கேற்றிக்கொண்டு கீழ்த்திசை நோக்கிக் கிளம்பிய வணிகக் கப்பல் ஓப்ரா டின். ஆறு மாதமாகியும் நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவில்லை. கடலில் தொலைந்தது என்று கணக்கை முடித்துவிட்டார்கள். 1807 அக்டோபர் 14 காலையில் அதே கப்பல், பாய்கள் சிதைந்து, ஆள் நடமாட்டமே இல்லாமல், இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்குள் மிதந்து வருகிறது. போனவர்கள் 60 பேர். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகம் அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர் நாம். அந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று ஒருவர் விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' வெளிவந்தது 2018 அக்டோபரில், விண்டோஸுக்கும் மேக்குக்கும். சரியாக ஒரு வருடம் கழித்து பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் மூன்றுக்கும் வந்தது. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற கேமைச் செய்த லூகாஸ் போப், குரல் நடிப்பைத் தவிரக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும், இசை உட்பட, தானே செய்திருக்கிறார். முழுதாக முடிக்க 8 முதல் 10 மணி நேரம் ஆகும். இங்கே எழுதுவது முதல் மூன்று மணி நேரத்துக்கானது. முதல் சாவைத் தவிர வேறு எந்த ரகசியத்தையும் உடைக்கப்போவதில்லை. இந்த கேமை ஒரே ஒரு முறைதான் ஆட முடியும். விடை தெரிந்துவிட்டால் மறுபடி ஆட அதில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இணையத்தில் படம் தேடுவதைக்கூடத் தவிர்த்துவிடுங்கள்.

கையில் இரண்டே பொருள்கள்: ஒரு புத்தகம், ஒரு பாக்கெட் கடிகாரம். எலும்புக்கூட்டின் பக்கத்தில் நின்று கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் உயிர்விட்ட நொடிக்குள் போய் நிற்போம். முதலில் திரை கறுத்து, சாவுக்குச் சற்று முந்தைய பேச்சும் சத்தமும் மட்டும் கேட்கும். பிறகு அந்த ஒரே நொடி, அசைவில்லாமல் உறைந்த காட்சியாக நம்மைச் சுற்றி விரியும். அதற்குள் நடந்து திரியலாம், ஒருவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எதையும் தொட முடியாது, எடுக்க முடியாது, யாரிடமும் கேள்வி கேட்க முடியாது.

துப்பறியும் கேம் என்றால் பூதக்கண்ணாடியோடு மேசை மேசையாகத் தடவி, மின்னும் பொருளையெல்லாம் அள்ளிப் பையில் போடுவது என்றே பழகிவிட்டோம். இதில் பை கிடையாது. தடயங்கள் எல்லாம் ஆரம்பம் முதலே கண்ணெதிரில் கிடக்கின்றன, கண்டுகொள்வதுதான் வேலை. முதல் அரை மணி நேரத்தில் பலர் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். எதையாவது அழுத்தினால் குறிப்பு வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது.

முதல் சாவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், கேமின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. மேல்தளத்தில், கேப்டன் அறைக் கதவுக்கு முன்னால் எலும்புகள் கிடக்கின்றன. கடிகாரத்தைத் திறந்ததும் இருட்டில் கதவைத் தட்டும் சத்தம். 'கேப்டன், கதவைத் திற' என்று ஒரு குரல். உள்ளேயிருந்து கோபமாகப் பதில். பிறகு துப்பாக்கி வெடிக்கிறது. காட்சி விரிந்தால், கதவருகே கைத்துப்பாக்கியோடு ஒருவர், எதிரே குண்டடிபட்டுச் சாய்கிற ஒருவர்.

இதிலிருந்து என்ன கிடைக்கிறது? செத்தவர் எப்படிச் செத்தார் என்பது தெரிகிறது: சுடப்பட்டார். யார் சுட்டது என்பதும் தெரிகிறது: கூப்பிட்ட பெயருக்குப் பதில் சொன்னவர், ஆகவே கேப்டன். புத்தகத்திலுள்ள பயணிகள், பணியாளர்கள் பட்டியலின் முதல் வரியிலேயே கேப்டனின் பெயர் இருக்கிறது. ஆனால் செத்தவர் யார்? அந்தக் காட்சியில் அதற்குப் பதில் இல்லை. எத்தனை முறை சுற்றி வந்தாலும் கிடைக்காது. புதிதாக ஆடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொண்டு, எதையோ தவறவிட்டோம் என்று நேரத்தைக் கரைக்கிறார்கள். தவறவிடவில்லை. அந்த ஆளின் பெயர் இன்னொருவரின் சாவில் கிடைக்கும். பெயரை வெறுமையாக விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

காத்திருக்க வேண்டுமா, இப்போதே யோசிக்க வேண்டுமா என்பதைத் தெரிந்துகொள்ள கேம் ஒரு வழி வைத்திருக்கிறது. புத்தகத்தின் முன்பக்கங்களில் கப்பல் ஓவியர் வரைந்த குழுப் படங்கள் உண்டு. அவற்றில் ஒருவரின் முகம் மங்கலாக இருந்தால், அவரை அடையாளம் காணப் போதுமான தகவலை நாம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முகம் தெளிவாகிவிட்டால் விடைக்குத் தேவையானது முழுவதும் நம் கண்ணில் பட்டாகிவிட்டது. கூடவே ஒன்று முதல் மூன்று வரை சிறு முக்கோணங்கள். ஒன்று என்றால் எளிது, மூன்று என்றால் சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் முதல் மணி நேரத்திலேயே பழகிக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும். ஒரு முக்கோணமும் தெளிந்த முகமும் உள்ளவர்களை முதலில் முடியுங்கள்.

ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டியது மூன்று: யார், என்ன ஆனது, அதைச் செய்தது யார். இனி வருவது கேமின் மிக நல்ல யோசனை. எழுதியது சரியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லாது. மூன்று பேரின் விதியை முழுமையாகச் சரியாக எழுதினால்தான், அந்த மூன்றும் ஒன்றாக உறுதியாகி, கையெழுத்தாக இருந்தது அச்செழுத்தாக மாறும். அதுவரை மௌனம்தான்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். ஒரே மாதிரி உடையில் நான்கு பேர், நான்கு பெயர்கள், யாருக்கு எது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் உடனே சரி, தவறு என்று சொல்லும் கேமாக இருந்தால், முதல் ஆளுக்கு அதிகபட்சம் நான்கு முயற்சி, அடுத்தவருக்கு மூன்று, அப்புறம் இரண்டு. யோசிக்காமலே முடித்துவிடலாம். இங்கே நால்வரையும் குருட்டாம்போக்கில் பொருத்தினால் 24 வகை வரும், ஒவ்வொரு வகையையும் முழுதாக எழுதிப் பார்த்தாக வேண்டும். சாவின் வகையிலும் சந்தேகம் சேர்ந்தால் எண்ணிக்கை கட்டுக்கடங்காது.

ஆனாலும் ஓட்டை உண்டு. இரண்டு விதிகளை உறுதியாகத் தெரிந்து எழுதி வைத்துவிட்டு, மூன்றாவது இடத்தில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பெயரில் ஒன்று என்றால் நான்கே முயற்சி. ஆட்டத்தில் பாதி தாண்டும்போது இந்த ஆசை எல்லோருக்கும் வரும். முடிந்தவரை அடக்கிக்கொள்ளுங்கள். அப்படிக் கிடைத்த பெயரோடு காரணம் வராது. அந்தக் காரணம்தான் அடுத்த இரண்டு பேருக்குச் சாவியாக இருக்கும், அதை இழந்தால் அவர்களிடமும் குருட்டாம்போக்குதான். ஊகங்களைத் தனிக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, காரணம் சொல்ல முடிகிற பெயரை மட்டும் புத்தகத்தில் ஏற்றுவது நல்ல வழக்கம். 'என்ன ஆனது' என்பதை மட்டும் பார்த்த உடனே எழுதிவிடலாம், அது பெரும்பாலும் கண்ணால் கண்டது.

சாவு வகைகளின் பட்டியல் நீளமானது: சுடப்பட்டார், குத்தப்பட்டார், நசுங்கினார், மூழ்கினார், நோயில் செத்தார் என்று போகும். சில இடங்களில் இரண்டு வகைகளுக்கு நடுவே எது என்று குழப்பம் வரும். அப்படிப்பட்ட பல விதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிலை கேம் ஏற்றுக்கொள்கிறது. அதனால் மூன்று உறுதியாகவில்லை என்றால் வினைச்சொல்லைச் சந்தேகிப்பதற்கு முன் பெயரைச் சந்தேகியுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலை ஆரம்பத்திலேயே மேலிருந்து கீழாகப் படித்துவிடாதீர்கள். கதை எங்கே போகிறது என்பதை அதிலுள்ள ஒன்றிரண்டு சொற்கள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து அத்தியாயங்களும் வரிசைப்படி திறப்பதில்லை, பெரும்பாலும் காலத்தில் பின்னோக்கித்தான் போகிறோம். முதலில் கிடைப்பது 'முடிவு' என்ற பத்தாவது அத்தியாயம். ஒரு நினைவுக்குள் இன்னொரு பிணம் கிடந்தால் அதன் நினைவுக்குள்ளும் இறங்கலாம், அது அதற்கும் முந்தைய காலம். இப்படி விளைவை முதலில் பார்த்து, காரணத்தைப் பிறகு பார்க்கிறோம். கீழ்த்தளங்களும் படிப்படியாகத்தான் திறக்கும்.

தடயத்தை எங்கே தேடுவது? செத்தவரைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் என்பேன். சாவு நடக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். மீதி நேரத்தை ஓரத்தில் நிற்பவர்களுக்குக் கொடுங்கள். அதே நொடியில் கதவுக்கு அப்பால் யார் இருக்கிறார், ஏணியில் யார் இறங்கிக்கொண்டிருக்கிறார், யார் எந்தக் கருவியைப் பிடித்திருக்கிறார், யார் காலில் செருப்பில்லை. ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது அவர் தொழிலைச் சொல்லும். யாரோடு நிற்கிறார் என்பது பல சமயம் ஊரைச் சொல்லும். முந்தைய நினைவில் இருந்த ஒருவர் அடுத்ததில் காணோம் என்றால், நடுவில் அவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. 60 பேரில் எல்லோருக்கும் எலும்பு மிஞ்சவில்லை. சிலர் முடிவு, இன்னொருவரின் சாவுக் காட்சியின் மூலையில், தூரத்தில் தெரியும் ஒரு சிறு உருவமாக மட்டுமே இருக்கும்.

குரலை அலட்சியப்படுத்த வேண்டாம், ஹெட்போன் கட்டாயம். பேச்சு புத்தகத்தில் எழுத்தாகவும் பதிவாகும், ஆனால் யார் பேசியது என்று அதில் போடாது. உச்சரிப்பு, பேசும் மொழி இரண்டும் தடயங்கள். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஒரு பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதும், அது செத்தவரின் பெயர் என்று எழுதிவிடுவது. கூப்பிடப்பட்டவர் பக்கத்தில் நிற்பவராக இருக்கலாம், அங்கே இல்லாத ஒருவராகக்கூட இருக்கலாம். யார் வாய் திறந்திருக்கிறது, யார் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உறைந்த காட்சியில் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

நமக்கு உண்மையான தடை பதவிப் பெயர்கள்தான். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, சொந்த நாடு மூன்றும் இருக்கும். பாய்மரக் காலத்துக் கப்பல் வேலைகள் தெரியாவிட்டால் நடுவில் இருப்பது வீணாகிவிடும். புத்தகத்திலேயே ஒரு சொல் அகராதி இருந்தாலும் சிலவற்றை முன்பே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. 'மேட்' என்றதும் கூட்டாளி என்று நினைக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் மேட் முதல் ஃபோர்த் மேட் வரை நால்வரும் கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரிகள், உடையிலேயே அதிகாரம் தெரியும். ஆனால் சர்ஜன்ஸ் மேட், கார்பெண்டர்ஸ் மேட் என்று வந்தால் மருத்துவருக்கும் தச்சருக்கும் உதவியாளர். ஒரே சொல், இரண்டு வேறு உலகம். மிட்ஷிப்மேன் என்பவர்கள் அதிகாரியாகப் பயிற்சி பெறும் இளைஞர்கள், வயதை வைத்தே பிடிக்கலாம். பர்சர் கணக்கும் இருப்பும் பார்ப்பவர். ஹெல்ம்ஸ்மேன் சுக்கான் பிடிப்பவர். ஸ்டூவர்ட் ஒவ்வொரு அதிகாரிக்கும் தனித்தனியாக இருக்கும் பணியாள், ஆகவே அதிகாரியைக் கண்டுபிடித்தால் அவர் நிழலில் நிற்பவர் மேல் ஒரு கண் வையுங்கள். சீமேன், டாப்மேன் இருவரும் மாலுமிகள்தான் என்றாலும், பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிப் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதும் டாப்மேனின் வேலை. கயிற்றில் தொங்குபவர் யார் என்ற கேள்விக்கு இந்த வேறுபாடு உதவும். போசன், மாலுமிகளை வேலை வாங்கும் மேலாள். இந்திய மாலுமிகள் ஓட்டிய கப்பல்களில் இந்த இடத்தில் இருந்தவர் சராங்கு, அவருக்குக் கீழே தண்டேல். நம் கடற்கரைக்கு அந்நியமில்லாத சொற்கள்.

வரலாறு இந்த கேமில் ஜோடனையாக ஒட்டவைத்ததல்ல என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. பட்டியலில் இங்கிலாந்துக்காரர்களோடு இந்தியா, சீனா, ரஷ்யா, பாரசீகம், ஃபார்மோசா (இன்றைய தைவான்) என்று பல இடத்து ஆட்கள் கலந்திருக்கிறார்கள். அந்தக் காலக் கம்பெனிக் கப்பல்கள் உண்மையிலேயே அப்படித்தான் ஓடின. லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் இல்லாமல் கம்பெனியின் கடல் வணிகம் நடந்திருக்காது. ஓப்ரா டின்னின் அளவு 800 டன், கம்பெனிக்காக ஓடிய பெரிய கப்பல்களில் சாதாரணமாகக் காணப்பட்ட அளவு அது. அவற்றில் பெரும்பாலானவை கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல, தனியாரிடம் வாடகைக்கு எடுத்தவை. கப்பலும் சரக்கும் ஆளும் தொலைந்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வி அப்படிப்பட்ட வணிகத்தில் தானாக எழும். நம் கையில் இருக்கும் புத்தகம் அந்தக் கேள்விக்கான ஆவணம். பெயர், சாவு, செய்தவர் என்ற மூன்று கட்டங்களும் ஒரு காப்பீட்டுக் கணக்குக்கு வேண்டிய கட்டங்கள்தான் என்பதை யோசித்தால், ஆட்டத்தின் விதிமுறையும் கதையின் காலமும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்று புரியும்.

இனி கண்ணுக்கு. திரையில் இரண்டே நிறம், இடையில் சாம்பல் கிடையாது. நிழலெல்லாம் புள்ளிகளின் அடர்த்தியால் வருவது, டிதரிங் என்பார்கள். முப்பரிமாணக் காட்சியில் இதைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. புள்ளிகள் திரையில் நிலையாக நிற்க, காட்சி அடியில் நகர்ந்தால், பார்வையைத் திருப்பும்போதெல்லாம் திரை முழுவதும் கொதிப்பது போலத் தெரியும். போப் அந்தப் புள்ளிக் கோலத்தை, பார்ப்பவரைச் சுற்றிய கற்பனைக் கோளத்தின் உட்பக்கத்தில் ஒட்டியது போல அமைத்திருக்கிறார். அதனால் தலையைத் திருப்பினால் புள்ளிகளும் காட்சியோடு சேர்ந்தே திரும்புகின்றன. நடக்கும்போது சற்று மினுக்கம் மிச்சமிருக்கும். கண் வலித்தால் செட்டிங்ஸில் திரை வகையை மாற்றுங்கள். இயல்பாக இருப்பது பழைய மேக்கின்டாஷ் நிறம். ஐபிஎம் 5151 மானிட்டரின் பச்சை, ஜெனித் மானிட்டரின் செம்மஞ்சள் போன்ற மற்றவையும் உண்டு. இருட்டான அறையில், முழுத்திரை வெளிச்சத்தைக் குறைத்து ஆடினால் நீண்ட நேரம் தாங்கும்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை, புத்தகத்தின் பக்கத்திலிருந்து நேராக அந்த நினைவுக்குள் குதிக்க முடியாது. ஒரு முகத்தை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் அந்த எலும்பு கிடக்கும் இடம்வரை நடந்தே போக வேண்டும். நினைவுக்குள் நினைவாகப் போன இடங்களுக்கு இது இன்னும் தொல்லை. முதல் மணி நேரத்தில் பொருட்டாகத் தெரியாது. 30 விதிகளைத் தாண்டி, ஒரே ஒரு சட்டைப் பொத்தானைச் சரிபார்க்க மூன்று தளம் இறங்கும்போதுதான் உறைக்கும். புதிய நினைவுக்குள் முதல் முறை நுழையும்போது நேரமும் நம் கையில் இல்லை. அவசரப்படாமல் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நிதானமான ஆய்வை மறுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடையைக் குறைக்க ஒரு வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. புத்தகத்தில் ஒருவரின் முகத்தைத் தேர்ந்து குறியிட்டால், அவர் எந்தெந்த நினைவுகளில் வருகிறார் என்பது தனியாகத் தெரியும். பெயர் தெரியாத ஒருவரை இப்படிக் குறியிட்டு, அவர் வரும் காட்சிகளை மட்டும் வரிசையாகப் பார்த்து வந்தால், அவர் வாழ்க்கையே ஒரு நூலாகக் கிடைத்துவிடும். கூடவே காகிதத்தில் நினைவின் எண், நிற்குமிடம், தொப்பி, கால், கையில் உள்ளது என்று ஐந்து கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டால் மறுபடி இறங்க வேண்டிய தடவைகள் பாதியாகும்.

துப்பறியும் கேம்களில் இதன் இடம் எங்கே? 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் 'எல்.ஏ. நுவார்' தடயத்துக்கு அருகில் போனாலே ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுக்கும். கேள்வி சரியாக அமைந்ததா என்பதையும் உடனே தெரிவித்துவிடும். 16ஆம் நூற்றாண்டு பவேரியாவில் நடக்கும் 'பென்டிமென்ட்', கொலையாளி யார் என்று கடைசிவரை உறுதி செய்யாது. ஓப்ரா டின் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. விடை உண்டு, சரிபார்ப்பும் உண்டு, ஆனால் மூன்று பேருக்குக் காரணம் தெரிந்த பிறகுதான். 2022இல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' இதே பாதையில் வந்த நல்ல படைப்பு. அதில் நாம் எழுதிய விடையில் உள்ள தவறுகள் இரண்டோ அதற்குக் குறைவோ ஆனால் சொல்லிவிடும். முதல் அரை மணி நேரத்தில் ஓப்ரா டின் கடினமாகத் தோன்றினால் அதை முதலில் ஆடிவிட்டு வரலாம்.

படகோட்டி ஒருவர் கீழே காத்துக்கொண்டிருப்பார். வானிலை மோசமாகும்போது கிளம்பலாமா என்று கேட்பார். கிளம்பினால் ஆய்வு முடிந்தது, எத்தனை விதிகள் எழுதியிருக்கிறோமோ அதற்கேற்ற முடிவுதான் கிடைக்கும். மழையைப் பார்த்துப் பதறி ஏறிவிடாதீர்கள். தெளிந்த முகங்களில் பெயரில்லாமல் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று புத்தகத்தின் ஓவியங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு ஏணியில் கால் வையுங்கள்.